ஒத்தக்கண் அக்கா பார்க்காமல் விட்ட பொட்டலம்

அந்தக் கடைத்தெருவில் அவளுக்கு ஒத்தக்கண் அக்கா என்று பெயர். கண் இரண்டும் பழுதில்லாமல்தான் இருந்தன. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டை யாராவது கையில் கொடுத்தால் அதை மேலேயிருந்து பார்க்க மாட்டாள். மேசை விளிம்பில் தாடையை ஊன்றி, போர்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் சாய்வாக ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். "நாலு போச்சு. அஞ்சாவது போகப் போகுது" என்பாள். அந்த ஐந்தாவதை மீட்டரில் வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

அவள் தேடுவது கெப்பாசிட்டர்களை. சுண்டுவிரல் நுனி அளவில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன டப்பிகள் அவை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி செய்கிற வேலையை அவை போர்டில் செய்கின்றன; வருகிற மின்சாரம் ஏறி இறங்கினாலும் உள்ளே போவது சீராகப் போகும்படி பார்த்துக்கொள்கின்றன. உள்ளே ஒரு திரவம் இருக்கும். சூட்டிலும் வயதிலும் அது கெட்டுக் காற்றாகித் தலையை முட்டும். நல்லதின் தலை நாணயம்போலத் தட்டையாக இருக்கும். கெட்டதின் தலை பூரித்த கன்னம்போல லேசாக மேடிட்டிருக்கும். முற்றிப்போனால் தலையில் போட்டிருக்கும் கோடு பிளந்து, பழுப்பு நிறத்தில் பொருக்கு கட்டியிருக்கும். சில போர்டுகளில் தலை தட்டையாகவே இருந்து, அடியிலிருக்கும் ரப்பர் மட்டும் வெளியே பிதுங்கி, டப்பி கோணலாக நிற்கும். பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். அவள் விட மாட்டாள். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பாள். கசிந்ததற்கு ஒரு வாடை உண்டு. மீன் கழுவிய தண்ணீர் காய்ந்த வாடை.

இதெல்லாம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. பத்தொன்பது வயதில் போர்டு பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, ஓடும் பெல்ட்டின் கடைசியில் நின்று, வருகிற போர்டுகளில் குறை கண்டுபிடிக்கும் வேலையைப் பதினாறு வருஷம் செய்தாள். ஒரு போர்டுக்கு ஒன்பது நொடி. தப்பாக ஒட்டியதை ஒதுக்கித் தள்ள வேண்டும். பெல்ட்டில் பாட்டுக்கூடப் போட மாட்டார்கள், கவனம் சிதறும் என்று. பிறகு ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டும் ஒரு காகிதமும் தொங்கின. அறுநூறு பேர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அப்போது அவளுக்குக் கை கொடுத்தவன் அவள் கொழுந்தன். கணவனின் ஒரே தம்பி. கடைத்தெருவில் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படியேறிப் போனால் ஒரு சின்ன அறை. அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. அவனே அதைக் காலி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசையும் வளையும் கழுத்துள்ள விளக்கும் போட்டுக் கொடுத்தான்.

"வாடகை எவ்வளவு தம்பி?" என்று கேட்டாள்.

"அண்ணிகிட்ட வாடகை வாங்கினா அண்ணன் என்னைச் சும்மா விடுவாரா? சாமான் மட்டும் என் கடையிலயே எடுங்க. அது போதும்."

நல்ல மனுஷன்தான். வாய் ஓயாமல் பேசுவான். அவள் போர்டைச் சாய்த்துப் பார்க்கும்போது படியேறி வந்தால், "அண்ணி, நீங்க இப்படி முறைச்சுப் பாத்தீங்கன்னா நல்லா இருக்குற கெப்பாசிட்டரும் பயத்துலயே வீங்கிடும்" என்பான். ஒத்தக்கண் அக்கா என்ற பெயரை ஊரெல்லாம் பரப்பியதும் அவன்தான். அவன் மகளைப் பள்ளிக்கூடம் விட்டதும் இவள் அறையில்தான் உட்கார வைப்பான். அந்தப் பெண் "பெரியம்மா, பெரியம்மா" என்று காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்தது. இவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; காலையில் போனால் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பான் என்று தெரியாது. அதிகம் பேசாதவன். அண்ணனும் தம்பியும் பேச்சைப் பங்கு போட்டதில் இவன் பங்கும் தம்பிக்கே போய்விட்டது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் ஒரு வயதான தம்பதி அந்த இரும்புப் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். அவர் கையில், போர்வையில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர். பச்சைக் குழந்தையை மேசைமேல் கிடத்துவதுபோல அதை இறக்கி வைத்தார். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். அதன் இடுக்கில் தொண்டைக் குழியில் ஒரு துவாரம் தெரிந்தது. பேசியது அந்த அம்மாள்தான்.

"இவர் கணக்கு வாத்தியாரா இருந்தவர்ம்மா. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தொண்டையில ஆபரேஷன். குரல் மொத்தமா போயிடும்னு டாக்டர் முன்கூட்டியே சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி மூணு வாரம் ஒரு எடத்துல உக்கார வச்சு, இவர் குரலைப் பதிவு பண்ணி, இந்த மெஷின்ல போட்டுக் கொடுத்தாங்க. இவர் தட்டச்சு பண்ணினா இவர் குரல்லயே பேசும். இப்போ ஆறு நாளா ஆன் ஆக மாட்டேங்குது."

"வேற கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாமேம்மா?"

"அதுதான் முடியாதாம். திருட்டுப் போகக் கூடாதுன்னு அந்த கம்பெனிக்காரங்க இந்த போர்டோட சேத்துப் பூட்டு போட்டிருக்காங்க. போர்டு மாறினா திறக்காது. பூட்டைத் திறந்து தரச் சொல்லலாம்னா கம்பெனியே இப்போ இல்ல. மூணு கடைக்காரங்க, போர்டு பழசு, தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க. நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு ஒருத்தர் அனுப்பினாரு."

அவள் மூடியைக் கழற்றி, தாடையை மேசையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடினாள். வாத்தியாரும் தன்னை அறியாமல் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் பார்க்கும் பக்கமே பார்த்தார். புராசஸருக்குப் பக்கத்தில் ஐந்து டப்பிகள் வீங்கியிருந்தன. ஒன்றில் பழுப்புப் பொருக்கு.

"போர்டு நல்லாத்தான் இருக்கு சார். இந்த அஞ்சு பேரும்தான் தகராறு. மாத்திட்டாப் போதும். நாலு மணிக்கு வாங்க."

அவர்கள் எங்கும் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கீழே போய்க் கொழுந்தன் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி, பழையவற்றைப் பிடுங்கி, புதியவற்றை நட்டு, நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கால்களை நறுக்கினாள். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே முயற்சியில் திரை வெளிச்சமானது. வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பான, பின் பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"ஆறு நாளா இவகிட்ட திட்டு வாங்கிட்டு இருக்கேன். ஒண்ணுக்கும் பதில் சொல்ல முடியல. வீட்டுக்குப் போனதும் வரிசையா ஆரம்பிக்கணும்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து வருஷத்தில் எத்தனையோ போர்டுகளைப் பிழைக்க வைத்திருந்தாலும், அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் ஒருவர் குரல் எப்படி இருந்தது என்று ஒத்தக்கண் அக்கா விவரித்தது அந்த ஒரு நாள்தான்.

எட்டு மாதம் கழித்து, ஜெராக்ஸ் கடைக்காரன் ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இது நீங்க சரி பண்ணினதுதானே? வருஷம்கூட ஆகல. மறுபடியும் அதே வியாதி." அவள் சாய்த்துப் பார்த்தாள். பழைய டப்பிகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. அவள் புதிதாக நட்ட மூன்றும் வீங்கியிருந்தன.

முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். சூடு அதிகம் கொடுத்துவிட்டோமோ? அதே வாரத்தில் கண் கிளினிக் ஒன்றிலிருந்து இன்னொரு போர்டு வந்தது. அதிலும் அவள் போட்டவையே போயிருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. அவள் இழுப்பறையைத் திறந்து, பிரிக்காமல் வைத்திருந்த ஒரு புதுப் பொட்டலத்தைக் கிழித்தாள். பொட்டலத்துக்கு ஒன்றை மீட்டரில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அளவு சரியாகவே காட்டும், இப்போதும் காட்டியது. பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். டப்பியின் மேலுறையைப் பிளேடால் கீறி உரித்தாள்.

உள்ளே அலுமினியத்தில் கீறலும் காய்ந்த பசையும் இருந்தன. கால் இரண்டையும் விளக்குக்குக் கீழே திருப்பினாள். ரப்பரை ஒட்டினாற்போல, மயிரிழை அளவில் ஒரு ஒட்டு. பழைய போர்டிலிருந்து பிடுங்கிய டப்பியின் நறுக்கிய காலோடு புதுக் கம்பியைப் பற்றவைத்து, புது உறை மாட்டி, புதுசென்று விற்றிருக்கிறார்கள். எந்தக் குப்பையில் கிடந்ததோ, எத்தனை வருஷம் வெந்ததோ. ஒன்று விடாமல் உரித்தாள். பொட்டலம் முழுக்க அப்படித்தான்.

அவள் ஒன்பது நொடியில் ஒரு போர்டின் குறையைக் கண்டுபிடித்தவள். ஊரார் போர்டையெல்லாம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவள், கீழேயிருந்து வந்த பொட்டலத்தை மட்டும் ஒரு தடவைகூட அப்படிப் பார்க்கவில்லை. வீட்டு மனுஷன் கொடுத்ததைச் சாய்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கீழே போனாள். கடையில் ஆள் இல்லாத நேரம். உரித்ததைக் கல்லாமேல் கொட்டினாள்.

கொழுந்தன் அதைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வராததிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"எத்தனை நாளா தம்பி?"

"ஒரு... ஒன்றரை வருஷமா இருக்கும் அண்ணி. முதல்ல எனக்கும் தெரியாது. சத்தியமா. பாதி விலைக்குக் கொடுத்தான். அப்புறம்தான் புரிஞ்சுது. தெரு முழுக்க இதுதான் ஓடுது, நான் மட்டும் நல்லதை வச்சுக்கிட்டு ஈ ஓட்டணுமா?"

"எனக்குமா அதையே கொடுத்தே?"

அவன் தலை நிமிரவில்லை. "உங்களுக்கு மட்டும் தனியா எடுத்து வச்சா, ஏன்னு கேப்பீங்களே."

அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அண்ணி," அவன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். பொண்ணுக்குக் கல்யாணம் இன்னும் அஞ்சு வாரத்துல. மாப்பிள்ளை வீடும் இதே தெருவுல கடை வச்சிருக்குறவங்க. என் கடையில போலி சாமான்னு ஒத்தக்கண் அக்காவே சொல்லிட்டாங்கன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா முடிஞ்சுது. அஞ்சு வாரம். அப்புறம் நானே எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில கொட்டுறேன். நீங்க வளத்த பொண்ணு அண்ணி."

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். கிரீஸ் போகாத கையை நெடுநேரம் தேய்த்தான். 

"தப்புதான்," என்றான் கடைசியில். "ஆனா குற்றம் பாத்தா சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க. அஞ்சு வாரம்தானே கேக்குறான். நீ சத்தம் போடாம ஒவ்வொரு போர்டா வரவச்சு மாத்திக் கொடுத்துடு. ஏன் எதுக்குன்னு யாருக்குத் தெரியணும்?"

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. தப்பாகவும் படவில்லை. சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த சுவர் நினைவுக்கு வந்தது. "சரிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வாத்தியார் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள்தான் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை கத்திச் சிரிக்கிற சத்தமும், அதற்கு நடுவே அந்தக் கரகரப்பான குரல் ஏதோ கதை சொல்வதும் கேட்டது.

"சும்மாத்தான்ம்மா போன் பண்ணினேன். மெஷினை ஒரு தடவ கொண்டு வந்தீங்கன்னா திறந்து பாத்துத் தந்துடுவேன்."

"ஐயோ, ஏதாவது பிரச்சினையாம்மா?"

அந்த ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கலாம். 'ஆமாம், நான் போட்டது போலி, உடனே அணைத்து வையுங்கள்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கீழே கொழுந்தன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"பிரச்சினை ஒண்ணும் இல்லம்மா. சும்மா தூசி தட்டி வைக்கலாம்னு."

"அப்போ கொஞ்ச நாள் போகட்டுமா? பொண்ணும் பேத்தியும் வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க. அது தாத்தாவை விட மாட்டேங்குது. எழுந்ததுலேர்ந்து தூங்குறவரைக்கும் கதை சொல்லணும். மெஷினை எடுத்தா அழுது ரகளை பண்ணிடும். அடுத்த வாரம் விட்டு வியாழக்கிழமை கிளம்புறாங்க. அன்னிக்கே கொண்டு வந்துடுறேன்."

"சரிம்மா. அவசரம் இல்ல," என்றாள்.

அந்த நாட்களில் அவள் வேறு தெருவில் போய் நல்ல சாமான் வாங்கி வந்து, ஜெராக்ஸ் கடை போர்டையும் கிளினிக் போர்டையும் சரிசெய்தாள். தன் நோட்டைப் புரட்டி, ஒன்றரை வருஷமாக வந்தவர்களைக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் அதே தூசிக் கதை. கொழுந்தன் படியேறி வருவதை நிறுத்திவிட்டான். அவன் மகள் மட்டும் ஒருநாள் சேலை நிறம் காட்ட வந்து, "பெரியம்மா, ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள். "கண்ணு வலிடா," என்றாள் இவள்.

அந்த வியாழக்கிழமைக்குக் காத்திராமல், அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே மெஷின் வந்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். போர்வையைப் பிரிப்பதற்கு முன்பே அறையில் கருகல் வாடை பரவியது.

"காலையில பேத்திகிட்ட பேசிட்டே இருந்தாரும்மா. டப்புனு ஒரு சத்தம். புகை வந்துது. குழந்தை பயந்து அலறிடுச்சு. நீங்க பாத்தா சரியாயிடும்னு அவரு எழுதிக் காட்டினாரு."

மூடியைத் திறந்தாள். சாய்த்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஒரு டப்பி உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, பக்கத்திலிருந்த இரண்டு சிப்புகளையும் எரித்து, போர்டில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருக்கி ஓட்டை போட்டிருந்தது. அவள் போட்ட டப்பி.

"ஒரு வாரம் கொடுங்கம்மா," என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அந்த ஒரு வாரம் அவள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. பழைய சாமான் குவியல்களில் புரண்டு அதே மாடல் போர்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். பூட்டின் எண் இருக்கும் சிப்பைக் கருகிய போர்டிலிருந்து எடுத்து அதில் நட்டால் ஒருவேளை மெஷின் ஏமாந்து திறந்துகொள்ளும் என்று கணக்கு. அப்படியே எடுத்து நட்டாள். படிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் சிப்பில் ஒன்றுமே இல்லை. புகை வந்த அந்த நொடியில் அதுவும் செத்துப்போயிருந்தது. டிஸ்க் நல்லபடியாக இருந்தது. அதற்குள் வாத்தியார் குரல் முழுதாக இருந்தது. திறக்கத்தான் சாவி இல்லை. இழுத்து மூடிய கம்பெனியில் வேலை பார்த்த ஒருவனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். "அதெல்லாம் எங்க கைல இல்லீங்க. சர்வரையே எடைக்குப் போட்டுட்டாங்க," என்றான். தன்மையாகத்தான் சொன்னான்.

எட்டாம் நாள் காலையில் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். மகளும் பேத்தியும் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். தரையில் ஒரு பொம்மையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஜன்னலோரம் மெஷின் இருந்த மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அவள் அதன்மேல் வைக்காமல், தரையில் வைத்தாள்.

அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலம், உரித்த உறை, ஒட்டுப்போட்ட கால், எதையும் மறைக்கவில்லை. யார் கடை என்பதையும் சொன்னாள்.

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் போன் பண்ணினீங்களே. பிரச்சினை இல்லைன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்மா. பொய் சொன்னேன்."

வாத்தியார் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் எழுதித் திருப்பிக் காட்டினார். *என்றைக்குத் தெரிந்தது?*

"வெள்ளிக்கிழமை சார். நான் போன் பண்ணினதுக்கு முந்தின நாள்."

அவர் கணக்கு வாத்தியார். விரல் விட்டு எண்ணவில்லை. *பதினோரு நாள் இருந்திருக்கிறது,* என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொன்று எழுதத் தொடங்கி, பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கும்பிடவில்லை, திட்டவும் இல்லை. திட்ட நினைத்திருந்தாலும் அதற்கும் எழுதத்தானே வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை வந்த அந்த அம்மாள் சொன்னாள்: "நாப்பத்திரண்டு வருஷம்மா அந்தக் குரலோட இருந்திருக்கேன். ஆபரேஷன் அன்னிக்குக்கூட நான் அழல." கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகக் கடைத்தெருவுக்கு வந்தாள். நோட்டில் இருந்த மிச்சப் பேர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். இந்த முறை தூசிக் கதை இல்லை. "நான் போட்டது போலி சாமான். அணைச்சு வைங்க. கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்." சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர், "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

கொழுந்தன் படியேறி வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணி? போனது போயிடுச்சு. இனிமே சொல்லி அந்தக் குரல் திரும்பி வந்துடுமா?"

"வராது தம்பி."

"அப்புறம் எதுக்கு?"

"இன்னும் இருபத்தாறு போர்டு வெளிய ஓடிட்டு இருக்கு."

"அப்போ என் பொண்ணு கணக்குல வரலையா?" என்றான். பிறகு படி அதிர இறங்கிப் போனான்.

கல்யாணம் நின்றுபோகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், கடைசியில் சம்மதித்தார்கள். அவர்கள் கடையிலும் அதே பொட்டலம்தான் இருந்தது என்று பின்னால் பேச்சு. ஆனால் அழைப்பிதழ் கணவனுக்கு மட்டும் வந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, "நான் போகலைன்னா அவன் தனியா நிப்பான்" என்றான். "போயிட்டு வாங்க," என்றாள். அவன் திரும்பி வந்ததும், பெண் எந்த நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்க நினைத்தாள். அவன் நேரே போய்ப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு, தண்ணீர், கரண்ட், மழை என்று பேச்சு எல்லாம் நடந்தது. தம்பி என்ற வார்த்தை மட்டும் வருவதில்லை.

இருபத்தாறில் பத்தொன்பது போர்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் சரிசெய்து கொடுத்தாள். மிச்சம் ஏழு பேர் வரவே இல்லை. எங்கோ ஓடிக்கொண்டிருக்கும், அல்லது எரிந்திருக்கும். பத்தொன்பதாவது போர்டைக் கொடுத்த அன்று மேசையைத் துடைத்து, விளக்கின் கழுத்தை மடக்கி, சாவியைக் கீழே கல்லாமேல் வைத்தாள். கொழுந்தன் சாவியை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ஒயர் அளந்துகொண்டிருந்தான்.

இப்போது அவள் ஊருக்கு வெளியே, பழைய எலக்ட்ரானிக் குப்பை பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறாள். மறுபடியும் ஓடும் பெல்ட். தகரம் தனி, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி. மதர்போர்டுகள் வந்தால் கட்டிங் பிளேயரால் டப்பிகளைப் பிடுங்கி ஒரு டிரம்மில் போட வேண்டும். நல்லது கெட்டது பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் உலைக்குத்தான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவன் வேனில் வந்து, மேஸ்திரியிடம் தணிந்த குரலில் பேசி, அந்த டிரம்மை ஏற்றிக்கொண்டு போவான். புது உறை மாட்டிப் பொட்டலமாகத் திரும்பி வருபவை இவைதான் என்று மூன்றாம் வாரம்தான் அவளுக்கு விளங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பியையும் போடுவதற்கு முன் பிளேயரால் நடுவில் ஒரு நசுக்கு நசுக்கினாள். இரண்டு நாளில் மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏம்மா இதெல்லாம்? எண்ணிக்கை குறையுது பாரு."

"பழக்கம் சார்."

"பழக்கத்தை மாத்திக்கோ. இல்லேன்னா ஆளை மாத்துவேன்."

அவளைப் பிளாஸ்டிக் பக்கம் மாற்றினார்கள். டிரம் இப்போதும் வேனில் ஏறிப் போகிறது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் ஒரு மதியம், ஷிஃப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது. மஃப்ளர் சுற்றிய ஒருவர் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். தனியாக வந்திருந்தார். இளைத்திருந்தார். அவரை அவள் பார்த்த நொடியிலேயே தெரிந்துகொண்டாள். எழுந்து போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். போன் பேசியது. இளைஞன் ஒருவனின் குரல்; செய்தி வாசிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக.

"இந்த பஸ் ஆஸ்பத்திரி வழியாப் போகுமா?"

"போகும் சார். அடுத்து வர்றது போகும்."

அவர் தலையசைத்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். இந்த முறை நீளமாக. நிறுத்துவார், அழிப்பார், மறுபடி தட்டுவார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். வார்த்தை எதுவானாலும் கேட்டுக்கொள்வது என்று இருந்தாள்.

பஸ் வந்துவிட்டது. நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்கியடித்தார்கள். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். அவள் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.